வட்டமும் வேள்விக் குண்டமும்

திருக்கோயில் எடுக்கக் கருதிய நிலத்தில் திசை காண்டற்கு வரையப்பெறும் வடிவம் வட்டமாகும். நிலத்தைச் சமன் செய்து, நடுவே சங்கு எனப்படும் முளையை நேரே நிறுத்தி, அம்முளையின் உயரத்திற்கு ஒத்த கயிற்றினால் அதனைச் சுற்றி வட்டமிடுவர். முற்பகலில் முளையின் நிழல்நுனி வட்டத்தினுள் புகும் இடத்தையும், பிற்பகலில் அது வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தையும் குறித்து இணைப்பின், அக்கோடு கிழக்கு மேற்காக அமையும். அதனை இருசமமாகச் செங்குத்தாய் வெட்டும் கோடு வடக்குத் தெற்காகும். இம்முறையைக் காத்தியாயனர் தம் சுல்ப சூத்திரத்துள் வகுத்துரைத்தார். காலைக்கும் மாலைக்கும் இடையே கதிரவன் வடக்கேனும் தெற்கேனும் சிறிது ஒதுங்குதலின் ஒரு நுண்ணிய வேறுபாடு தோன்றும். பிற்காலக் கணிதர் அதற்கும் திருத்தம் கூறினர்.

வட்டத்தின் உறுப்புகளுக்குப் பண்டையோர் இட்ட பெயர்கள் வில்லாளனிடமிருந்து பெற்றவை. சுற்றின் ஒரு கூறு வில். அதன் இருமுனையையும் சேர்க்கும் நேர்கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடு வரை நிற்பது அம்பு. மேலே கூறிய கிழக்கு மேற்குக் கோடும் ஒரு நாணே. அம்பின் நீளத்தை விட்டத்தின் எஞ்சிய நீளத்தால் பெருக்கினால், அரைநாணின் வர்க்கம் கிடைக்கும் என்பது ஆரியபடர் கூறிய விதி. விட்டம் 10, அம்பு 2 எனின், எஞ்சியது 8, பெருக்கம் 16, ஆதலின் அரைநாண் 4, முழுநாண் 8. இவ்விதியில் குறையும் இல்லை, மிகையும் இல்லை.

குறையும் மிகையும் தலைகாட்டுவது வட்டத்தின் பரப்பை அளக்கப் புகும்போதுதான். குடமுழுக்கு வேள்விச் சாலையில் கிழக்கே சதுரம், தெற்கே அரைமதி, மேற்கே வட்டம் என வடிவு வேறுபட்ட குண்டங்கள் அமைகின்றன. வடிவு வேறாயினும் பரப்பு ஒன்றாதல் வேண்டும் என்பது குண்ட நூல்களின் கொள்கை. வைதிக வேள்வியிலும் காருகபத்தியம் வட்டம், ஆகவனீயம் சதுரம், தக்கிணாக்கினி அரைவட்டம். மூன்றற்கும் பரப்பு ஒன்றே. ஆகவே, சதுரத்திற்கு நிகரான வட்டத்தைக் காணும் வினா ஏட்டில் பிறந்ததன்று. அவிசொரிய வேண்டியவர் முன்னே, மண்ணில் பிறந்தது.

போதாயனர் அதற்கு ஒரு வழி கூறினார். சதுரத்தின் நடுவினின்று மூலைக்குக் கயிறு பிடித்து, அதனைப் பக்கத்தின் நேரே திருப்பினால் ஒரு பகுதி பக்கத்திற்கு வெளியே நீளும். அப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை அரைப்பக்கத்தோடு கூட்டி, அவ்வளவை ஆரமாகக் கொண்டு வட்டமிடுக என்பது அவர் முறை. 24 விரல் பக்கமுடைய சதுரத்தின் பரப்பு 576 சதுர விரல். இம்முறையால் வரும் வட்டமோ ஏறத்தாழ 586 சதுர விரல் ஆகின்றது. மிகை 10. வட்டத்தைச் சதுரமாக்குதற்கு, விட்டத்தை 15 கூறாக்கி இரண்டை நீக்குக என்றும் ஒரு வழி சொன்னார். 15 விரல் விட்டமுடைய வட்டத்தில் இதனால் ஏறக்குறைய 8 சதுர விரல் குறைகின்றது.

முன்னோர் யாவற்றையும் முற்ற அளந்து முடித்தனர் என்று புகழ்வாரும் உளர். அப்புகழ் போதாயனர்க்கு வேண்டாதது. இரண்டாம் வழியை உரைத்த அவரே அதனை ‘அநித்தியம்’, அஃதாவது நிலைத்த அளவன்று, என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கி.பி. 499இல் தம் நூலை இயற்றிய ஆரியபடர், 20000 விட்டமுடைய வட்டத்தின் சுற்று 62832 என்றார். மெய்யளவினின்று இது விலகுவது ஆறில் ஒரு கூற்றினும் குறைவே. இத்துணை நுட்பமாகக் கண்டும் அவர் இட்ட சொல் ‘ஆசன்னம்’. அண்ணியது என்பது பொருள்.

ஏன் அண்ணியது, ஏன் முற்றியதன்று? இவ்வினாவிற்கு விடை கண்டவர் சேரநாட்டில் 1444இல் தோன்றிய நீலகண்ட சோமயாசி. ஆரியபடீயத்திற்கு உரை செய்த அவர், விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் கோல் எதுவாயினும், அக்கோலால் சுற்றை அளப்பின் மிச்சம் நிற்கும் என்றார். சுற்றை அளக்கும் கோலால் விட்டத்தை அளப்பினும் அப்படியே. கோலை எத்துணைச் சிறிதாக்கினும் மிச்சம் சிறுகுமேயன்றி ஒழியாது. இதனை ஐரோப்பாவில் லாம்பெர்ட் 1760களில் நிறுவினார். கயிறும் நேர்கோலும் மட்டும் கொண்டு வட்டத்திற்கு முற்றும் நிகரான சதுரம் அமைத்தல் எவர்க்கும் இயலாது என்பதனை லிண்டெமன் 1882இல் மெய்ப்பித்தார்.

விதியில் பிழையில்லை என்பதும் ஈண்டு நோக்கத் தக்கது. அரைச்சுற்றை அரைவிட்டத்தால் பெருக்கின் பரப்பாகும் என ஆரியபடரும் கூறினார். தமிழில் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் கூறும். அது முற்றும் மெய். அரைச்சுற்று இத்துணை என்று எண்ணால் எழுதப் புகுமிடத்தில்தான் எண் முடிவுறாது நீள்கின்றது.

576 சதுர விரல் பரப்புடைய வட்டக் குண்டத்திற்கு விட்டம் 27 விரலும் அதன்மேல் ஒரு விரலில் பன்னிரண்டில் ஒரு பங்களவும் ஆகும். அரைமதிக் குண்டத்திற்கு 38 விரலும் மேலே மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவும் ஆகும். கயிற்றைப் பிடிப்பவர் கைக்கு 27, 38 என்பன எளிதில் அடங்கும். எஞ்சிய சிறுபங்கினை அவர் அண்ணிதாகவே கொள்வர்.