பொதுச் சூளை

விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலின் ஸ்தலவிருட்சம் வன்னி. கோயில் திருப்பணியில் ஈடுபட்டிருந்த ஆட்களுக்கு, விபசித்து முனிவர் பொழுது சாயும் வேளையில் அந்த மரத்தின் இலைகளையே கூலியாக அள்ளிக் கொடுப்பார் என்றும், அவரவர் அன்று பட்ட பாட்டின் அளவுக்கு அந்த இலைகள் பொன்னாக மாறும் என்றும், நிழலில் உட்கார்ந்து பொழுதைக் கழித்தவன் மடியில் மட்டும் இலை இலையாகவே இருந்துவிடும் என்றும் ஸ்தல புராணம் சொல்லுகிறது. கையில் காசில்லாமல் பொதுக்காரியம் ஒன்றை மேற்கொண்டு, வந்தவர்களின் மனம் கோணாமல் அதை நடத்தி முடிப்பது எத்தனை சிரமமான காரியம் என்பதை அந்தக் கதையைக் கட்டியவர் நன்றாக அனுபவித்திருக்க வேண்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

புராணத்தை விட்டு ஊருக்குள் வந்தால், இன்று விருத்தாசலம் என்றதும் ரயில் ஜங்ஷனுக்கு அடுத்தபடியாகப் பலருக்கும் நினைவு வருவது செராமிக் தொழில். 1956ல் நெய்வேலியில் நிலக்கரிக் கழகம் அமைந்து, பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையெல்லாம் மலைமலையாக வாரிக் கொட்டத் தொடங்கியபோது, அந்த மண்ணோடு வந்த வெள்ளைக் களிமண்ணுக்கு ஒரு பிரயோஜனம் வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான விருத்தாசலத்திலே தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்விக்கூடமும் ஏற்பட்டு, அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற சிறு பட்டறைகள் வரிசையாக எழுந்தன. மண் பிசைய இடம் வேண்டும். அச்சு வார்க்க பிளாஸ்டர் வேண்டும். இவை இரண்டும் சிறு முதலுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆயிரத்து இருநூறு டிகிரி உஷ்ணத்தைத் தாங்கி நிற்கும் சூளையைத் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொள்வது நாலு பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவனுக்கு ஆகிற காரியமில்லை. ஆகவே பேட்டைக்கு ஒரு பொதுச் சூளை. கொண்டுவந்த சரக்கு அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு ஏற்ற வாடகை.

சுடாத அகல் விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்டைவிரலால் சற்று அழுத்தினால் பிஸ்கட்டைப் போலப் பொடிந்துவிடும். அப்படிப்பட்ட சரக்கைப் பலகையில் வரிசையாக அடுக்கி, பலகையைத் தோளில் ஏற்றி, ஒரு கையால் அதைப் பிடித்து மறு கையால் புடவைத் தலைப்பை ஒதுக்கியபடி ஒரு பெண்மணி மேடும் பள்ளமுமான பாதையில் நடந்து வந்ததை ஒருநாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்; சூளை வாசலில் பலகையை இறக்கி வைக்கும் வரையில் அவள் மூச்சு விட்டதாகவே தோன்றவில்லை. அந்தப் பொதுச் சூளை டனல் சூளை வகையைச் சேர்ந்தது; டனல் சூளை என்பது நீண்ட குகை. தண்டவாளத்தின் மேல் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து, முதலில் இளஞ்சூடு, நடுவில் உக்கிரமான தீ, கடைசியில் ஆறுதல் என்று கடந்து வரும். அதன் நெருப்பை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. ஒருமுறை ஆறிப்போனால் மறுபடி சூடேற்றப் பல நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் உள்சுவரின் செங்கல்லே விரிந்துவிடும். சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் எரிபொருள் செலவு நடந்துகொண்டேதான் இருக்கும்.

கம்ப்யூட்டரையும் இணையத்தையும் கொண்டு பொதுமக்களுக்குக் கல்வி கொடுக்க, லாபத்தை நாடாத ஸ்தாபனங்கள் தமிழர்களிடையே தோன்றி வளர்ந்த சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பொதுச் சூளைதான் என் மனக்கண் முன் நிற்கிறது. சூளையைக் கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கும். நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை.

நெருப்பை அணையாமல் காக்கும் இந்தப் பிரச்னை இணையத்துக்கு வெகு காலம் முன்பே இருந்தது. 1931ஆம் ஆண்டு மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற அன்பரின் முயற்சியால் மாட்டுவண்டி ஒன்று நூலகமாயிற்று; நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். புஸ்தகங்களை நன்கொடையாகப் பெற்றுவிடலாம். வண்டி மாட்டுக்கு வைக்கோலை மட்டும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்த பிறகுதான் தமிழ்நாட்டு நூலகங்களுக்கு வைக்கோல் கவலை ஒருவாறு தீர்ந்தது. அந்தச் சட்டத்தின் பெருமை அறிவைப் பற்றி அது பேசியதில் இல்லை, செலவைப் பற்றிப் பேசியதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1998ஆம் ஆண்டு இந்தச் சரித்திரத்தில் விசேஷமானது. அவ்வருஷம் பொங்கல் திருநாளன்று, சுவிட்ஸர்லாந்தின் லோஸான் நகரில் ரசாயன ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனைத் துணையாகக் கொண்டு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழைய தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, மற்றொருவர் பிழை பார்த்து, உலகத்தில் யார் கேட்டாலும் காசின்றிக் கிடைக்கும்படி இணையத்தில் வைப்பதே திட்டம். தமிழ் எழுத்துக்கு ஒரே ஒரு குறியீட்டு முறை என்று ஒன்று அப்போது நிலைபெறவில்லை. ஒருவர் அனுப்பிய பாசுரம் இன்னொருவர் திரையில் புரியாத கிறுக்கலாகத் தெரிந்த காலம் அது. உத்தியோகம் முடிந்து வீட்டுக்கு வந்த பின், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, சம்பளமோ மேடையோ இல்லாமல் பல தேசத்து அன்பர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். சுந்தரர் திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் போட்ட பன்னீராயிரம் பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்ற கதையை நம்பச் சங்கடப்பட்டவர்கள்கூட, லோஸானில் ஏற்றியதை விருத்தாசலத்தில் இறக்கிப் படித்தபோது வாயடைத்துப் போயிருப்பார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் விளைவாக, 2001 பிப்ரவரி 17ஆம் தேதி தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியதும், கல்வியாளர் வா. செ. குழந்தைசாமி அதற்கு வழிகாட்டியதும், பின்னாளில் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியதும் பலரும் அறிந்த செய்திகள். அதற்கு ஆதாரம் அரசாங்கத்தின் கஜானா. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த துயரத்தை மறக்காத ஈழத்து இளைஞர்கள் 2005ல் தொடங்கிய நூலகம் திட்டத்துக்கோ நன்கொடையும் உழைப்புமே ஆதாரம்.

அதே 1998ல், நமக்கு இன்னும் அருகில், புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரில் நடந்ததை நின்று பார்க்க வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் தமக்குக் கிடைத்த உலக உணவுப் பரிசின் பணத்தைக் கொண்டு 1988ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா தேசத்து ஆராய்ச்சி உதவி அமைப்பின் மானியத்தோடு, வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தியது. கிராமங்களில் டெலிபோன் கம்பியை நம்ப முடியவில்லையாதலால் ரேடியோ அலை வழியாகச் செய்திகள் போய் வந்தன. மின்சாரத்தையும் நம்ப முடியவில்லையாதலால் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள் ஏறின. கிராமத்தார் பொது இடமாக ஓர் அறை கொடுக்க வேண்டும். நடத்த ஆட்களைத் தாங்களே தேர்ந்து தர வேண்டும். அந்த வாசலை எந்தச் சாதியார் மிதித்தாலும் தடை சொல்லலாகாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் போட்டவர்கள் நம் கிராமங்களை நன்றாக அறிந்தவர்கள். கோயில் வாசலிலும் குளத்தங்கரையிலும் நிற்கிற பேதம் கம்ப்யூட்டர் அறை வாசலில் மட்டும் தானாக ஒதுங்கிப் போய்விடாது.

மையங்களை நடத்த வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டறியாதவர்கள். நெல் விலை, பஸ் நேரம், அரசாங்கத்து உதவித் திட்டங்களின் விவரம், எந்த ஆஸ்பத்திரியில் எந்த வைத்தியர் எப்போது இருப்பார் என்பன போன்ற சில்லறைச் சமாசாரங்களைத் திரட்டித் தமிழில் தருவதே அவர்கள் வேலை. பெரிய படிப்பாளிகள் இதைக் கல்வி என்று ஒப்புவார்களோ என்னவோ, சலுகை ஒன்று தனக்கு உரியது என்று தெரியாமலே ஆயுளைக் கழித்தவளுக்கு அதைவிட மேலான பாடம் எது? கடற்கரைக் குப்பமான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணைய தளத்திலிருந்து மறுநாளைய அலை உயரத்தை எடுத்து, அதை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் வலையைப் பின்னிக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். 2001ல் ஸ்டாக்ஹோமில் இந்த முயற்சிக்கு உலகப் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு வாங்கிய மறுநாளும் காலையில் யாராவது ஒருத்தி சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையைத் திறந்தாக வேண்டும்.

சாவி என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று ஞாபகம் வருகிறது. ஏழு பேர் சேர்ந்து சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட சிறு சங்கமொன்றில் சில காலம் பொருளாளனாக இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பது உத்தேசம். கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட பத்துப் பெட்டிகளை லாரியில் அனுப்பி, படமெடுத்துக்கொண்டு போயிற்று. அவற்றுள் எரிந்தவை மூன்று. பெட்டி கொடுக்க ஆள் உண்டு, பெயர்ப்பலகை எழுதித் தர ஆள் உண்டு. மாதா மாதம் கரண்ட் பில் கட்டுகிறேன் என்று வந்தவர் ஒருவர்கூட இல்லை. வருஷாந்தர மகாசபை, தணிக்கை, வருமான வரி விலக்குக்கு மனு, பதிவாளர் அலுவலகத்துக்குப் படிவம் என்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நேரத்தைவிடக் காகிதத்துக்குச் செலவழித்த நேரம் அதிகம். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கோ 1976லேயே தனிச் சட்டம் வந்து, 2010ல் அதன் இடத்தில் இன்னொன்றும் வந்துவிட்டது. எங்களுக்கு அந்தத் தொல்லை நேர வாய்ப்பே ஏற்படவில்லை.

மானியங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. கிராமத்துக்கு ஓர் இணையக் கடை வைத்து, கட்டணத்திலேயே அதை நடத்திவிடலாம் என்று வியாபார ரீதியாகப் புறப்பட்டவர்களும் மதுரை மேலூர்ப் பக்கத்தில் முயன்று பார்த்தார்கள். பிறகு கைப்பேசி வந்து, ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு சூளை ஏறிவிட்டபோது, பொது அறைகள் பலவற்றில் தூசி படிந்தது. ஆயினும் காரியம் நின்றுபோய்விடவில்லை. விருத்தாசலத்திலிருந்து ரயிலேறி வடக்கே போனால் வரும் விழுப்புரத்தில், லினக்ஸ் அன்பர்கள் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து இலவசமாகக் கணினி கற்பித்துவருகிறது. கணியம் என்ற பத்திரிகை 2012லிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதி, பின்பு ஓர் அறக்கட்டளையாக வளர்ந்து, மின்னூல்களையும் இலவசமாக வழங்கிவருகிறது.

வில்லியனூர்த் திட்டத்தைச் சேர்ந்த கடற்கரை ஊர்களில் நல்லவாடும் ஒன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் கடல் பொங்கிய செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டில் இருந்தவர்கள் கடல்நீர் உள்ளே வருவதாகச் சொன்னதும், உடனே எல்லோரையும் எச்சரிக்கச் சொன்னார். மையத்தின் அறை பூட்டிக் கிடந்தது. சாவிக்காகக் காத்திராமல் ஊரார் கதவை உடைத்து உள்ளே போய், தினந்தோறும் அலை உயரம் சொல்லிப் பழகிய அதே ஒலிபெருக்கியில் எல்லோரும் கரையை விட்டு ஓடும்படி கூவினார்கள். சுமார் மூவாயிரத்து அறுநூறு பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்ச்சேதம் இல்லை. எத்தனையோ மழைக்காலங்களையும் உப்புக் காற்றையும் கண்ட அந்த ஒலிபெருக்கி, அன்று காலை சுவிட்சைப் போட்டவுடன் பேசியது.