ரோஸ் என்றால் எந்த ரோஸ்?

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். தென்னேரிக்காரன் என்பதால் ஏரியைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கி, பின் தென்னேரி ஆனது என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எழுதப் போவது ஒரு சாய டப்பாவின் வரலாறு.

1983ல் நான் நம் கல்லூரியில் இரசாயனம் இரண்டாம் ஆண்டு. வீட்டில் குழித்தறி. நைனா கோர்வைச் சேலை நெய்வார். கோர்வை தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன்: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரையும் முந்தியும் மட்டும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும். நூல் இழை வித்தியாசம் இருந்தாலும் முதலாளி கண்ணுக்குத் தப்பாது.

அந்தத் தடவை கிளிப்பச்சை உடல், ரோஸ் கரை. கரைப் பட்டுக்குச் சாயம் போட்டதோடு பழைய டப்பா தீர்ந்துவிட்டது. முந்திக்கு வாங்கி வர என்னை அனுப்பினார் நைனா. கடையில் அந்தக் கம்பெனி சரக்கு இல்லை. "இதுவும் அதே ரோஸ்தான் தம்பி, பேருதான் வேற" என்று வேறு டப்பா கொடுத்தார்கள். காலேஜில் படிக்கிற பையன் அல்லவா, நானும் தலையாட்டி வாங்கி வந்தேன். ராத்திரி சாயம் தோய்த்து, காய்ந்த சிட்டத்தைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் கரைப் பட்டோடு வைத்துப் பார்த்தோம். அச்சு அசல்.

சேலை அறுத்த அன்று காலையில் வாசலில் விரித்தார் நைனா. கரை வெயிலில் தணல் மாதிரி ஜொலித்தது. முந்தி செத்துக் கிடந்தது. "என்னடா இது, ரெண்டு சேலையை ஒண்ணா தைச்ச மாதிரி இருக்கு?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. முதலாளி சேலையை எடுக்கவில்லை. பட்டுக்கும் ஜரிகைக்குமான பணத்தைக் கூலியில் பிடித்துக்கொண்டார். எனது பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மா தோட்டை அடகு வைத்தாள்.

இதைக் கேட்ட எங்கள் இரசாயனப் பேராசிரியர் திட்டவில்லை. கரும்பலகையில் 45170 என்று எழுதினார். "இதுதான்டா உன் பழைய டப்பா" என்றார்.

விஷயம் இதுதான். சாயத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கும். பெயர் வேறாக இருந்து உள்ளே ஒரே பொருள் இருக்கலாம். பெயர் ஒன்றுபோல் இருந்து பொருள் வேறாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்காகவே இங்கிலாந்தின் சாயத் தொழில் சங்கத்தார் 1920களில் 'கலர் இன்டெக்ஸ்' என்ற பெரிய தொகுப்பை வெளியிட்டார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண். யார் செய்தாலும் அதே எண். 45170 என்பது ரோடமின் பி. 1887ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், நாம் ரோஸ் என்று சத்தியம் செய்யும் இந்தச் சாயம் அந்தத் தொகுப்பில் 'பேசிக் வயலட் 10', அதாவது ஊதா!

ரோடமின் பகல் வெளிச்சத்தின் பச்சைப் பகுதியை விழுங்கிச் சிவப்பாக உமிழும். அதுதான் அந்த ஜொலிப்பு. நான் வாங்கி வந்ததற்கு அந்தக் குணம் கிடையாது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் பச்சை குறைவு, சிவப்பு அதிகம். அதனால் இரண்டும் ஒன்றுபோல் நடித்து எங்களை ஏமாற்றிவிட்டன.

டப்பாவில் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. பி என்றால் ஜெர்மன் மொழியில் நீலம், ஜி என்றால் மஞ்சள். ரோடமின் பி நீலச் சாயல் ரோஸ். ரோடமின் 6ஜி மஞ்சள் சாயல் ரோஸ். எழுத்தும் எண்ணும் ஒத்துப்போனாலும் வீரியம் பார்க்க வேண்டும். உப்புக் கலந்து வீரியத்தைக் கூட்டிக் குறைத்து விற்பார்கள்.

நம் முன்னோர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. பட்டில் சிவப்பு என்றால் அரக்குப் பூச்சி தந்த சாயம். 'அரக்குக் கலர்' என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்தப் பூச்சியின் ஞாபகம்தான். பருத்திக்குச் சாயவேர். 1856ல் பெர்கின் என்ற 18 வயது லண்டன் மாணவர் கொய்னா மருந்து செய்யப் போய்ச் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தார். இரண்டு மூன்று வருஷத்தில் பிரான்சின் பட்டு நகரமான லியோனில் மெஜந்தா வந்துவிட்டது. அதன் பெயர் 1859ல் இத்தாலியில் நடந்த ஒரு சண்டையின் பெயர். ரத்தம் சிந்திய ஊரின் பெயரைத்தான் நாம் முகூர்த்தப் புடவைக்குச் சொல்லிக் கேட்கிறோம்.

ரோடமினுக்கு வெயில் ஆகாது, சீக்கிரம் வெளுக்கும். 2024 பிப்ரவரியில் நம் அரசு ரோஸ் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டதே, அதில் கண்டுபிடித்ததும் இதே 45170தான். செய்தியைப் படித்ததும் கரும்பலகைதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நைனா எந்த டப்பா வாங்கினாலும் என் முன்னால் வைத்து, "நம்பர் என்னா போட்டிருக்கு, படி" என்பார். ஒரு சின்னச் சிட்டம் தோய்த்து, உலர்த்தி, காலை வெளிச்சத்தில் வாசலில் பார்த்த பிறகுதான் மீதிப் பட்டு சாயத்தில் இறங்கும்.

முதலாளி எடுக்காத அந்தச் சேலையை அம்மா வைத்துக்கொண்டாள். ராத்திரி விசேஷங்களுக்கு மட்டும் கட்டுவாள். குண்டு பல்பு இருந்தவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.