வேப்பிலையும் ஹூக்ளி டாக்டரும்

போன சாரல் சீசனில் பழைய குற்றாலத்துப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது தோள்மூட்டு நழுவிவிட்டது. (எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடக்காதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுகிற ஆளே நான்தான். சிரிக்காதீங்க.) கையைத் தொட்டிலில் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டார்கள். முழுசாக மரக்கவில்லை. டாக்டர் கையை இழுக்கத் தயாராகும்போது, பக்கத்தில் நின்ற வயசான உதவியாளர் என் நெற்றியில் கை வைத்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"தம்பி, கண்ணை மூடிக்கிடுங்க. ஐந்தருவியில நிக்கீங்க. தண்ணி தோள்ல விழுது. மொதல்ல அடிக்கும். அப்புறம் மரத்துப் போயிரும்லா? மரத்துப் போச்சு பாருங்க... நல்லா மரத்துப் போச்சு..."

அருவிக்கு அடியில் நின்ற யாருக்கும் அந்த மரப்பு தெரியும். ரெண்டு நிமிஷத்தில் தோள் யாருடையதோ மாதிரி ஆகிவிடும். 'டொக்' என்று சத்தம் கேட்டது. எலும்பு உட்கார்ந்துவிட்டது. வலிக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வலி இருந்தது. ஆனால் அது பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

கையைத் தொங்கல்துணியில் போட்டுக்கொண்டு மூணு வாரம் சும்மா கிடந்தபோது இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். படித்ததில் கிடைத்தவர்தான் இந்தப் பதிவின் நாயகர், டாக்டர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். பலருக்கு இந்தப் பெயர் புதுசாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான். இத்தனைக்கும் ஆள் வேலை பார்த்தது நம்ம நாட்டில்.

ஸ்காட்லாந்துக்காரர். 1808-ல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டுக் கம்பெனி டாக்டராக வங்காளத்துக்கு வந்தார். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளியில் இமாம்பாரா ஆஸ்பத்திரியும் ஜெயில் ஆஸ்பத்திரியும் அவர் பொறுப்பு. அது மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை என்றால் சாராயமோ அபினியோ கொடுத்து, நாலு தடியான ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் எவ்வளவு வேகமாக அறுக்கிறாரோ அவ்வளவு நல்ல டாக்டர். வங்காளத்தில் யானைக்கால் நோய் அதிகம். அதில் சிலருக்கு விதைப்பை வீங்கி, பல படி அரிசி கட்டின மூட்டை கனம் ஆகிவிடும். அறுத்தால் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடுமோ என்று டாக்டர்களே கத்தியை எடுக்கப் பயந்த நோய் அது.

1845 ஏப்ரல் 4. ஜெயிலிலிருந்து ஒரு கைதியைக் கொண்டுவருகிறார்கள். பெயர் மாதவ் கௌரா என்று எஸ்டெய்ல் எழுதி வைத்திருக்கிறார். பன்றி வியாபாரி. ஒருத்தனைக் கொலைக்காயம் படுத்தியதற்காக ஏழு வருஷம், காலில் விலங்கோடு ரோட்டு வேலை. இரண்டு பக்கமும் விரைவீக்கம். நீரை வடித்துவிட்டு எரிச்சல் தரும் மருந்தைச் செலுத்துவது அன்றைய வைத்தியம். ஒரு பக்கம் செய்ததுமே ஆள் துடித்துப்போனான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்டெய்ல், பக்கத்தில் நின்ற துணை மருத்துவர் பதன் சந்திர சௌத்ரியிடம், "நீ மெஸ்மரிசம் பார்த்திருக்கியா?" என்கிற மாதிரி கேட்கிறார். மெடிக்கல் காலேஜில் முயற்சி பண்ணினாங்க, ஒண்ணும் ஆகலை என்கிறார் அவர். எஸ்டெய்லும் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. சரி, செய்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டார்.

கண்ணை மூடச் சொல்லி, முகத்துக்கு மேலே கையை இறக்கி, வயிறு வரைக்கும் மெல்லத் தடவுகிற மாதிரி திரும்பத் திரும்பக் கொண்டுபோனார். நேரம் ஆக ஆக ஆள் அசையாமல் ஆகிவிட்டான். ஊசியால் குத்தினார்கள். முழங்காலில் நெருப்பை வைத்தார்கள். மூக்கில் அமோனியா காட்டினார்கள். அசைவில்லை. ஹூக்ளி ஜட்ஜும் கலெக்டரும் நேரில் வந்து பார்த்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. விலங்கு போட்ட கைதியிடம் முழங்காலில் நெருப்பு வைக்கட்டுமா என்று யார் அனுமதி கேட்டிருப்பார்கள்? இந்த மருத்துவத்தின் முதல் பாடம் அவன் உடம்பில் எழுதப்பட்டது. அவன் சொன்னதாக நமக்கு வந்து சேர்வதெல்லாம் எஸ்டெய்லின் பேனா வழியாகத்தான்.

அதுக்கப்புறம் எஸ்டெய்லை நிறுத்த முடியவில்லை. எட்டே மாதத்தில் 73 அறுவைகள். பட்டியல் போட்டு, இந்தியாவில் மெஸ்மரிசம் என்று 1846-ல் லண்டனில் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். புற்றுக்கட்டி, கண், பல், கை கால் எல்லாம் உண்டு. அந்த வீக்கக் கட்டிகளும் நிறைய.

நிற்க. இந்தத் 'தடவல்' வேலையைச் செய்தது யார்? முதல் சில நோயாளிகளுக்கு எஸ்டெய்ல் தானே செய்தார். ஒரு ஆளுக்கு மணிக்கணக்கில், சில பேருக்கு நாள் கணக்கில் ஆனது. மனுஷன் களைத்துவிட்டார். அப்புறம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற, மருந்து கலக்குகிற இளவயசு இந்து, முஸ்லிம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இருட்டு அறை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, தலைமாட்டில் பையன் உட்கார்ந்து குனிந்து, தலையிலிருந்து வயிறு வரைக்கும் கையை இறக்கிக்கொண்டே, இடையிடையே ஊதிக்கொண்டே இருப்பான். எஸ்டெய்ல் கத்தியோடு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஊதுவது, தடவுவது... எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா?

எங்க ஆச்சி 'பார்வை பார்ப்பாள்'. பயந்த பிள்ளை, தேள் கொட்டினவன், தலைவலிக்காரி எல்லாரும் எங்க வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். செம்பில் தண்ணீர், ஒரு கொத்து வேப்பிலை. உதடு அசையும், சத்தம் வராது. தண்ணீரை முகத்தில் சுண்டி, உச்சந்தலையிலிருந்து கால் வரைக்கும் வேப்பிலையால் நீவி நீவி இறக்குவாள். காலேஜில் சேர்ந்த புதுசில் நான் பகுத்தறிவுச் சிங்கம். "எல்லாம் ஏமாத்து ஆச்சி" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஏமாத்துன்னா வலி ஏம்லே போகுது?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நான் இருக்கும்போது யாருக்கும் பார்க்க மாட்டாள்.

எஸ்டெய்ல் புத்தகத்தில் ஒரு இடம் வருகிறது. ஹூக்ளியில் பேர்போன மந்திரவாதி ஒருத்தரைச் சந்தித்து, "உன் வித்தையைக் காட்டு" என்கிறார். அந்த ஆள் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீரும், ரெண்டு மூணு இலை உள்ள குச்சியும் கொண்டுவரச் சொல்கிறார். முணுமுணுக்கிறார். விரலால் தண்ணீரை முகத்தில் சுண்டுகிறார். இலையால் தலையிலிருந்து கால் வரைக்கும் மெதுவாக நீவுகிறார். தேவைப்பட்டால் ஒரு மணி நேரம்கூடச் செய்வேன் என்கிறார். எஸ்டெய்லுக்கு ஆச்சரியம்: நான் செய்வதைத்தான் இவர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள்!

படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். ஆச்சி இப்போது இல்லை.

ஆனால் உடனே "முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல" என்று ஃபார்வர்டு அனுப்ப வேண்டாம். வலி போனது நிஜம், விஷம் போகவில்லை. செந்தேள் கொட்டி இதயம் செயலிழந்து எத்தனையோ குழந்தைகள் செத்திருக்கின்றன. அதை மாற்றியது மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பயன்படுத்திக் காட்டிய பிரசோசின் மாத்திரை. வேப்பிலை இல்லை. வலியைக் குறைப்பது ஒன்று, நோயைத் தீர்ப்பது வேறொன்று. ஆச்சிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எஸ்டெய்லுக்குத் தெரியும், அதனால்தான் கையில் கத்தியும் வைத்திருந்தார்.

சின்ன வயசில் பிள்ளை பிடிக்கிறவன் மை தடவிக் கூட்டிட்டுப் போயிருவான் என்று பயமுறுத்துவார்களே, அப்படி ஒரு வழக்கே 1845-ல் ஹூக்ளி கோர்ட்டுக்கு வந்தது. ஒரு ஆள் கண்ணுக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோனான், அப்புறம் அவன் பின்னாலேயே நடந்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு பையன் சாட்சி சொன்னான். இது சாத்தியமா என்று கோர்ட் எஸ்டெய்லைக் கூப்பிட்டுக் கேட்க, அவர் கோர்ட்டுக்குள்ளேயே ஆட்களை மயக்கிக் காட்டினார்! இதற்கு ஒரு தனிப்பதிவே போடலாம்.

கல்கத்தா டாக்டர்கள் எஸ்டெய்லைச் சும்மா விடவில்லை. "இந்தியர்கள் துரையைச் சந்தோஷப்படுத்த நடிக்கிறார்கள்" என்றார்கள். அதாவது பல கிலோ சதையை அறுக்கும்போது சும்மா படுத்திருப்பது நடிப்பு! 1846-ல் அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. அதன் முன்னிலையில் எஸ்டெய்ல் அறுத்துக் காட்டினார். சிலர் கல் மாதிரிக் கிடந்தார்கள். சிலர் உடம்பை நெளித்தார்கள், முகம் சுளித்தது, ஆனால் விழித்த பிறகு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். எனக்கு இந்த இரண்டாவது கூட்டம்தான் முக்கியம். எனக்கு நடந்ததும் இதுதானே? வலி எங்கேயோ நடக்கிறது, நமக்கு நடக்கவில்லை.

கமிட்டி முழுசாக நம்பவில்லை, முழுசாகத் தள்ளவும் இல்லை. 1846 நவம்பரில் கல்கத்தாவில் மெஸ்மரிச ஆஸ்பத்திரியே திறந்து கொடுத்தார்கள், ஒரு வருஷ சோதனைக்கு. விதியின் குசும்பைப் பாருங்கள்: அதற்குச் சில வாரம் முன்னால்தான், அக்டோபர் 16-ம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் கொடுத்து அறுவை செய்யவைத்துக் காட்டியிருந்தார். செய்தி கப்பலில் வரணுமே! 1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தையும் கொண்டுவந்துவிட்டார். எஸ்டெய்லுக்குத் தேவைப்பட்டது இருட்டறை, ஒரு பையன், பல மணி நேரம். குளோரோபாரத்துக்கு ஒரு துணி, சில நிமிஷம். யார் ஜெயிப்பார்கள்? குளோரோபாரம் அப்படியொன்றும் சாது இல்லை; 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் கால் நகம் எடுக்கப் போன 15 வயசுப் பெண் அதை முகர்ந்து செத்துப்போனாள். ஆனாலும் வேகம் ஜெயித்தது.

கல்கத்தா ஆஸ்பத்திரி மூடப்பட்டபோது ஊர்க்காரர்களே சந்தா போட்டு 1848-ல் மறுபடி திறந்தார்கள். நடிப்புக்காக யாராவது சந்தா கொடுப்பார்களா? 1851-ல் எஸ்டெய்ல் இந்தியாவை விட்டுப் போனார். 1852-ல் ஞானதிருஷ்டி பற்றி ஒரு புத்தகம் எழுதி, இருந்த மரியாதையையும் கெடுத்துக்கொண்டார். 1859-ல் இறந்தார். கையிலிருந்து ஏதோ காந்த சக்தி பாய்கிறது என்பதை அவர் கடைசி வரை விடவில்லை.

அந்தக் காந்த சக்தி கதையைத் தொடங்கியவர் மெஸ்மர். பிரான்ஸ் ராஜா போட்ட கமிட்டி, அதில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியேயும் இருந்தார்கள், 1784-லேயே அப்படி எதுவும் இல்லை, எல்லாம் கற்பனை என்று சொல்லிவிட்டது. 'வெறும்' கற்பனை என்று எல்லாரும் படித்தார்கள். கற்பனைக்கு இவ்வளவு சக்தியா என்று திருப்பிக் கேட்டவர் யார் தெரியுமா? நம்ம கோவாக்காரர். 1756-ல் காண்டோலிமில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார். 1813-ல் பாரிசில் கூட்டம் கூட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, "தூங்கு" என்று ஒரு வார்த்தை சொல்லித் தூங்க வைத்தார். சக்தி என் கையில் இல்லை, தூங்குகிறவரின் மனசில் இருக்கிறது என்றார். பனாஜி பழைய செக்ரட்டேரியட் பக்கத்தில் ஒரு பெண்ணின் மேல் கை நீட்டியபடி ஒரு சிலை நிற்குமே, அவர்தான். (நான் இருபது வருஷம் முன்னால் போனபோது ஏதோ பேய் ஓட்டுகிறார் என்று நினைத்து போட்டோ எடுத்தேன் :-) ) எஸ்டெய்ல் தடவ ஆரம்பிப்பதற்கு முன்பே, 1843-ல், மான்செஸ்டரில் பிரெய்ட் என்ற டாக்டர் காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹிப்னாட்டிசம் என்ற பேரையே நிலைநிறுத்தியிருந்தார்.

இன்றைய கதை சுருக்கமாக. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபேமான்வில் 1992-லிருந்து, அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கவைத்து, மிச்சத்தை ஹிப்னாஸிஸால் சமாளித்து தைராய்டு அறுவைகள் வரை நடத்திக் காட்டினார். 2000-ல் லான்செட்டில் எல்விரா லாங் குழுவினர் 241 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை வந்தது. ரத்தக்குழாய், சிறுநீரகத்தில் குழாய் விடும் சிகிச்சைகள்; நோயாளி விழித்திருப்பார். ஹிப்னாஸிஸ் கிடைத்தவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைவு, வலி மருந்தும் குறைவு. சிகிச்சை நேரம்கூடச் சராசரி 78 நிமிஷத்திலிருந்து 61 ஆனது. நேரம் இல்லை என்றுதானே அன்றைக்குத் தள்ளினார்கள்?

எனக்குப் பிடித்தது 1997-ல் ரெயின்வில் குழுவினர் செய்தது. ஆட்களின் கையைச் சூடான நீரில் முக்கி, ஹிப்னாஸிஸில் அந்த வலியின் 'தொந்தரவை' மட்டும் கூட்டியும் குறைத்தும் பேசி, மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். சூடு எவ்வளவு என்று உணரும் பகுதி அப்படியே இருக்க, அது எவ்வளவு படுத்துகிறது என்பதோடு சேர்ந்த பகுதி மாத்திரம் ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டு ரேடியோ என்று சொன்னேனே, அதுக்கு விலாசம் கிடைத்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்யாது என்பதும் உண்மை. சிலர் சட்டென்று உள்ளே போவார்கள், சிலர் எவ்வளவு பேசினாலும் முழித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் மயக்க டாக்டருக்கு வேலை போகாது.

தோள் சரியான பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனேன். உதவியாளர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அருவின்னு பேசினீங்களே, அது எங்க படிச்சீங்க?"

"படிப்பா? பேசாம இருந்தா சத்தம் போடுதாங்க தம்பி. சும்மா பயப்படாதீங்கன்னு சொன்னா இன்னும் பயப்படுதாங்க. அதான் அருவிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். கைப்பிள்ளைக்காரின்னா பிள்ளையைப் பத்திப் பேசுவேன். முப்பது வருசமா இதான்."

ஹூக்ளியில் இருட்டறையில் உட்கார்ந்திருந்த பையன்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அவங்களுக்குத் தனியாச் சம்பளம் உண்டா?" என்றார். அவர் பெயரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உள்ளே ஒரு சின்னப் பையன் அழுகிற சத்தம் கேட்டது. கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.