த்ரீ நாட் த்ரீக்கு ஓர் அஞ்சலி

திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில், சிறப்புக் காவல்படை மைதானத்தில் பயிற்சி எடுத்த பழைய காவலரிடம் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொன்னால் போதும், அவர் கை தானாக வலது தோளைத் தடவும். உதைப்பு அப்படி. ஏறத்தாழ நான்கு கிலோ எடை; பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின்; சுடும் ஒவ்வொரு முறையும் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டிய போல்ட். 1895இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த .303 லீ என்ஃபீல்ட் துப்பாக்கிதான் அது. நூறாண்டுக்கு மேல் உழைத்துவிட்டு எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் ஆகிய புதிய துப்பாக்கிகளுக்கு இடம்விட்டு விலகியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில் அதற்கு முறைப்படி விடைகொடுத்தது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓர் அஞ்சலி சேர வேண்டும். துப்பாக்கியை வங்கத்து ஈசாப்பூர் ஆலை செய்தது என்றால், தோட்டாவுக்குள் எரியும் மருந்துக்கென நீலகிரியில் ஓர் ஆலையே எழுந்தது. 1888இல் .303 தோட்டா வந்தபோது அதில் இருந்தது கரிமருந்து. சுட்டதும் எழும் புகை, சுட்டவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சில ஆண்டுகளில் அதன் இடத்தைப் புகை குறைந்த கார்டைட் பிடித்தது. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, மலை ரயில் நின்று போகும் அரவங்காட்டில் 1903இல் கார்டைட் ஆலை நிறுவப்பட்டது. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம்போல் இழை இழையாகப் பிழிவதுதான் கார்டைட் செய்முறை. ஒரு தோட்டாவுக்குள் ஏறக்குறைய 60 இழைகள். ஒரு பொறி பட்டால் ஆளையே கொண்டுபோகும் வேலை அது.

லீ என்ஃபீல்டைவிட வேகமாகச் சுடும் என்று கருதப்பட்ட துப்பாக்கிகள் அந்தக் காலத்திலேயே இருந்தன. சுவிட்சர்லாந்தின் ஷ்மிட் ரூபினிலும் ஆஸ்திரியாவின் மான்லிக்கரிலும் போல்ட்டைத் தூக்க வேண்டாம். நேரே இழுத்து நேரே தள்ளினால் போதும், பூட்டு உள்ளே தானாகத் திரும்பிக்கொள்ளும். கனடா தன் படைக்கு அதே வகையில் ராஸ் துப்பாக்கியைத் தேர்ந்தது. அதன் தோட்டாவும் .303தான்.

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்து ஈப்ர போர்க்களத்தில் ராஸ் திணறியது. அதன் தோட்டா அறை இறுக்கமாகக் கடையப்பட்டிருந்தது. போர் அவசரத்தில் செய்த பிரிட்டிஷ் தோட்டாக்களோ அளவில் சற்று முன்பின்னாக இருந்தன. சுட்டுச் சூடான காலித்தோட்டா அறைக்குள் ஒட்டிக்கொண்டது, சேறு வேறு. லீ என்ஃபீல்டில் போல்ட்டைத் தூக்கித் திருப்பும் அசைவே ஒட்டிய தோட்டாவை நெம்பித் தளர்த்திவிடும். நேரே இழுக்கும் ராஸுக்கு அந்த நெம்பு இல்லை. வீரர்கள் பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்தார்கள். விழுந்த பிரிட்டிஷ் வீரர் பக்கத்தில் கிடந்த லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916இல் ராஸ் களத்தைவிட்டுப் போனது. குறி தவறாத துப்பாக்கி என்று குறிபார்த்துச் சுடுவோர் சிலர் மட்டும் அதை விடவில்லை. லீ என்ஃபீல்ட் பிழைத்ததற்குக் காரணம், எந்த ஆலையின் தோட்டாவையும் ஏற்கும் அளவுக்கு அதன் அறையில் இடம் இருந்ததுதான்.

உழைப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் அஞ்சலி பொய்யாகிவிடும். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸின் ஜாலியன் வாலாபாக்கில் பிரிட்டிஷ் அதிகாரி டயரின் 50 சிப்பாய்கள் கையில் இருந்தது இந்தத் துப்பாக்கிதான். கூடியிருந்த மக்கள்மீது பத்து நிமிடத்தில் 1,650 முறை சுட்டார்கள். அரசின் கணக்கே 379 உயிர்கள். தானாகப் பொழியும் இயந்திரம் அல்ல அது. ஒவ்வொரு முறையும் ஒரு கை போல்ட்டை இழுத்துத் தள்ளியது. ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருக்கலாம்.

1962இல் இமயத்தில் நம் வீரர்கள் இதை ஏந்தி, சீனப் படையின் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்று மடிந்தார்கள். 2008இல் மும்பை ரயில் நிலையத்திலும் காவலர்கள் இதே துப்பாக்கியோடு பயங்கரவாதிகளின் ஏ.கே. 47களை எதிர்கொண்டார்கள். இதற்கு ஓய்வு கொடுத்தது சரி. இன்னும் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

இனி இது அருங்காட்சியகப் பொருள். அங்கே அதன் பக்கத்தில் வைக்கும் பலகையில் எடையும் ஆண்டும் மட்டும் எழுதினால் போதாது. மலைக்குளிரில் உயிரைப் பணயம் வைத்துக் கார்டைட் பிழிந்த தொழிலாளர், அமிர்தசரஸில் வாசல் அடைபட்டு இறந்தவர், பனியில் பழைய ஆயுதத்தோடு நிறுத்தப்பட்டவர் என மூவரையும் அதில் எழுத வேண்டும்.