ஃபேட்ஸ் டாமினோ

ஃபேட்ஸ் டாமினோ (1928–2017): அமெரிக்கப் பியானோ கலைஞர், பாடகர். இயற்பெயர் அந்துவான் டாமினோ. நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டில், பிரெஞ்சு பேசிய கிரியோல் கறுப்பினக் குடும்பத்தின் கடைக்குட்டி. அக்காள் கணவர் ஹாரிசன் வெரெட்டிடம் பியானோ பழகினார். ‘ஃபேட்ஸ்’ என்று பெயர் சூட்டியவர், அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்ட பில்லி டயமண்ட்.

1949 டிசம்பர் 10 அன்று, கோசிமோ மடாசாவின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘த ஃபேட் மேன்’ பதிவானது. போதை மருந்தைப் பற்றிய பழைய ப்ளூஸ் மெட்டுக்கு டாமினோவும் டிரம்பெட் கலைஞர் டேவ் பார்த்தலோமியூவும் புது வரிகள் எழுதினார்கள். இடையில் டாமினோ வாயாலேயே டிரம்பெட் போல ஒலியெழுப்புவதைக் கேட்கலாம். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த இசை அங்கே முழுதாக இருந்தது.

அவர் வாசிப்பு கேட்க எளிது. இடது கை பூகி-வூகி தாளத்தை உருட்டிக்கொண்டே போகும். வலது கை ஒரு தட்டுக்கு மூன்று முறை வீதம் சுரக்கூட்டை விடாமல் அடிக்கும். குரலில் அவசரமே இருக்காது. அதே காலத்து ராக் பியானோ கலைஞர்களான லிட்டில் ரிச்சர்டின் கூச்சலோ ஜெர்ரி லீ லூயிஸின் ஆவேசமோ இவரிடம் கிடையாது. ஆனாலும் நிகழ்ச்சி முடிவில் பியானோவை வயிற்றாலேயே தள்ளிக்கொண்டு மேடையைக் கடப்பார்!

1955இல் ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பாப் பட்டியலில் 10ஆம் இடத்தோடு நின்றது. அதே பாடலை வெள்ளையரான பாட் பூன் பாட, முதலிடம் கிடைத்தது. நிறவெறி நிலவிய காலத்து வானொலியின் கணக்கு அப்படி. பாடலாசிரியர்களில் ஒருவர் என்பதால் ராயல்டியாவது டாமினோவுக்கு வந்தது. மறு ஆண்டு வந்த ‘ப்ளூபெர்ரி ஹில்’ 2ஆம் இடம் வரை ஏறியது. லாஸ் ஏஞ்சலஸில் பதிவான அப்பாடலை ஒரே மூச்சில் பாடி முடிக்க முடியவில்லை. ஒலிநாடாத் துண்டுகளை ஒட்டித்தான் முழுமையாக்கினார்கள். பாப் பட்டியலின் முதலிடம் கடைசிவரை அவருக்கு வாய்க்கவில்லை.

1963இல் இசைத்தட்டு நிறுவனம் மாறினார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் குழுக்களின் அலை அடித்ததும் விற்பனை சரிந்தது. பீட்டில்ஸின் ‘லேடி மடோன்னா’வில் (1968) அவருடைய சாயல் அப்பட்டமாகத் தெரியும், அதை அவரும் அதே ஆண்டில் பாடிப் பதிவு செய்தார். 1986இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் அணியில் இடம்பெற்றார்.

ஊரை விட்டு நகர மனமில்லாதவர். 2005இல் கத்ரீனா புயல் வந்தபோதும் வீட்டிலேயே இருந்துவிட்டார். இறந்துவிட்டார் என்று எண்ணி யாரோ சுவரில் அஞ்சலியே எழுதிவிட்டார்கள், அவரோ மீட்கப்பட்டிருந்தார். முன்பு பெற்று வெள்ளத்தில் இழந்த தேசியக் கலைப் பதக்கத்துக்குப் பதிலாக 2006இல் அதிபர் புஷ் வேறொன்று வழங்கினார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய இசைத்தொகுப்பின் தலைப்பு ‘அலைவ் அண்ட் கிக்கின்’. 2017 அக்டோபர் 24 அன்று, 89 வயதில் காலமானார்.