ஊட்டியில் எழுதிய விதி, கொலம்பியாவில் வென்ற தங்கம்

செனாய் – "உங்கள் பையனை ஸ்னூக்கர் மையத்தில் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால், நம் வீடுகளில் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. கடைவரிசையின் மேல்மாடி, சிகரெட் புகை, வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்ற எண்ணமே முதலில் வருகிறது. செனாயானாலும் கோலாலம்பூரானாலும் இந்தப் பேச்சு ஒன்றுதான்.

ஆனால், இதே ஆட்டத்துக்கு அனைத்துலகப் பல்விளையாட்டுப் போட்டிகளில் நாட்டின் பெயரால் தங்கப் பதக்கம் வழங்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டு அப்படி ஒரு தங்கத்தை வென்றவர் மும்பையைச் சேர்ந்த ஆதித்யா மேத்தா.

தமிழ் மண்ணில் வகுத்த விதி

ஸ்னூக்கர் இந்தியாவில் பிறந்த ஆட்டம். 1875ஆம் ஆண்டு ஜபல்பூரில் பணியாற்றிய நெவில் சேம்பர்லேன் என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி, அன்றைய பில்லியர்ட்ஸ் மேசை ஆட்டங்களில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதை உருவாக்கினார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லேன் வேறு ஒருவர்.

ஆட்டத்தின் விதிகள் 1882இல் நீலகிரி மலையில் எழுதப்பட்டன. ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் அவை ஒட்டப்பட்டன. உலகம் முழுவதும் ஆடப்படும் ஓர் ஆட்டம் தன் முதல் சட்டத்தைப் பெற்ற இடம் இன்றைய தமிழ்நாட்டில் இருக்கிறது.

கணக்கும் பொறுமையும்

மேசை ஏறக்குறைய 12 அடி நீளம், 6 அடி அகலம் கொண்டது. அதில் 15 சிவப்புப் பந்துகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, சிவப்பு ஒன்று, வண்ணம் ஒன்று என மாற்றி மாற்றிக் குழியில் விழச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் பிறகு கறுப்பை வீழ்த்தி, கடைசியில் ஆறு வண்ணங்களையும் வரிசையாக முடித்தால் 147 புள்ளிகள் கிடைக்கும்.

எதிராளி குறிபார்க்க வேண்டிய பந்தை வேறு பந்தால் மறைத்துவிடுவதற்கும் 'ஸ்னூக்கர்' என்றே பெயர். அதிலிருந்து மீளத் தவறினால் குறைந்தது 4 புள்ளிகள் எதிராளிக்குச் சேரும். கைத்திறனோடு அடுத்த இரண்டு மூன்று அடிகளை முன்கூட்டியே யோசிக்கும் பழக்கமும் இதற்குத் தேவை.

காலி நகரில் 3–0

ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டுகளுக்காக 1981இல் தொடங்கப்பட்டது உலக விளையாட்டுப் போட்டி. 2001இல் ஜப்பானின் அகிதா நகரில் நடந்த போட்டியிலிருந்து ஸ்னூக்கரும் அதில் சேர்ந்தது. 2005இல் ஜெர்மனியின் டூய்ஸ்பர்க்கில் ஜெரார்ட் கிரீனும், 2009இல் தைவானின் காவ்சியோங்கில் நைஜல் பாண்டும் தங்கம் வென்றனர்.

2013இல் கொலம்பியாவின் காலி நகரில் மேத்தாவின் முறை வந்தது. இறுதி ஆட்டத்தில் சீனாவின் லியாங் வென்போவை அவர் 3–0 என வீழ்த்தினார்.

இந்தக் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தொழில்முறை உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி ஆட்டம் 35 ஃபிரேம்கள் வரை நீளும். பின்தங்கியவர் மீண்டு வர நேரம் உண்டு. காலியில் மூன்று ஃபிரேம் வென்றவருக்கே தங்கம். ஒரு தவறு போதும், பதக்கம் கைநழுவும். மேத்தா ஒரு ஃபிரேமையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் புதுடில்லியில் நடந்த இந்திய ஓபனில், தரவரிசைப் போட்டியொன்றின் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் என்ற பெருமையையும் பெற்றார். அங்கு சீனாவின் டிங் ஜுன்ஹூய் அவரை 5–0 என வென்றார்.

குறைந்துபோன வாய்ப்பு

அந்த டிங், 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. நம் நாட்டில் அது மூன்றாம் படிவ மாணவனின் வயது.

ஆசியப் போட்டியில் ஸ்னூக்கர் 1998 முதல் 2010 வரை நான்கு முறை இடம்பெற்றது. அதன்பின் இன்சியோன், ஜகார்த்தா–பலெம்பாங், ஹாங்சோ ஆகிய மூன்று போட்டிகளிலும் அது இல்லை. ஒலிம்பிக்கிலும் இடமில்லை. நாட்டுக்காக ஆட விரும்பும் இளைஞருக்கு எஞ்சியிருப்பது சீ விளையாட்டுப் போட்டி, உலக விளையாட்டுப் போட்டி போன்ற சில மேடைகளே. 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ போட்டியில் ஸ்னூக்கர் இருந்தது.

2025இல் தோஹாவில் மகளிர் உலகப் பட்டத்தைச் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் வென்றபோது தமிழ் நாளேடுகள் கொண்டாடின. அந்த மகிழ்ச்சி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமானால், மேல்மாடிக்குப் போகாதே என்று தடுப்பது மட்டும் போதாது. யாரிடம் கற்கிறான், எந்தப் போட்டியில் பெயர் கொடுக்கிறான் என்று பெற்றோர் கேட்கத் தொடங்க வேண்டும்.