ஆயர் ஈத்தாம் சாலையும் கரியமில வாயுவும்

ஆயர் ஈத்தாம் என்றதும் கொடிமலையும் கெக் லோக் சி கோவிலும் நம் நினைவுக்கு வரும். அவ்வூர்ச் சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு.

1906ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ்டவுனிலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு மின்சார டிராம் வண்டி ஓடியது. 1936இல் அது நின்றது. மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடிய பஸ்கள் பிறகு சில காலம் ஓடின. 1961இல் அவையும் மறைந்தன. சாலை டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உரியதாயிற்று.

1969இல் ஜார்ஜ்டவுன் தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டிய அந்நாளில், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் மாதச் சம்பளம் கிடைத்தது. வீட்டுக்கு மின்விசிறியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. கார்கள் பெருகின.

இந்த வளர்ச்சியை நாம் பழிக்க முடியாது. ஆனால் அதன் கணக்கையும் பார்க்க வேண்டும். 1970இல் மலேசியர் ஒருவருக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒன்றரை டன் கரியமில வாயு வெளியாயிற்று. இன்று அது ஏறக்குறைய 8 டன். கார் இல்லாத தோட்டக் குடும்பமும் இந்தச் சராசரியில் அடங்கும்!

மற்ற முஸ்லிம் நாடுகளின் நிலை என்ன? எரிவாயு வளமிக்க கத்தாரில் ஒருவருக்கு 30 டன்னுக்கும் மேல். துணி தைத்து உலகுக்கு விற்கும் வங்காளதேசத்தில் ஒரு டன்னுக்கும் குறைவு. இரண்டும் உலக வாணிபத்தில் கலந்தவையே. ஆகவே, என்ன எரிபொருளை எவ்வளவு எரிக்கிறோம் என்பதே வேறுபாட்டுக்கு முக்கிய காரணம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது.

இதனால் நமக்கு என்ன? சூடேறிய காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2017 நவம்பரில் பினாங்கு வெள்ளத்தில் தத்தளித்தது. ஒரே மழைக்கு ஒரே காரணம் கூற இயலாது. எனினும் இத்தகைய மழை மிகுந்தால், மரம் ஈரமாகிப் பால் சீவ முடியாத நாள்களும் மிகும். நம் கூலியும் குறையும்.

2050க்குள் நிகர வெளியேற்றத்தை ஒழிக்க நம் அரசு இலக்கு வைத்துள்ளது. சூரிய ஒளி மின்சாரமும் நல்ல பொதுப் போக்குவரத்தும் அதற்கு வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஆயர் ஈத்தாம் மக்கள் மின்சார வண்டியில் சென்றார்கள். அப்படியொரு வண்டி நம் தோட்டத்து வாசலுக்கும் வர வேண்டுமென்று கேட்பது நம் உரிமையே.